பீரோவுக்குப் பின்னால் ஐந்து கிகாஹெர்ட்ஸ்

இராஜபாளையத்தில் எங்கள் வீடு ரயில்பெட்டி மாதிரி நீளம். தெருவாசலில் நின்று பார்த்தால் புறவாசல் தெரியும். ஃபைபர் இழுத்து வந்த கேபிள்காரர், முன்னறையில் டிவிக்கு மேலே ஆணி அடித்து மோடத்தை மாட்டிவிட்டுப் போனார். அங்கிருந்து அடுப்படிக்கு மூன்று செங்கல் சுவர், நடுவே ஓர் இரும்பு பீரோ. அம்மா அடுப்படியில் நின்றுகொண்டு சென்னையிலிருக்கும் தம்பியோடு வீடியோ காலில் பேசுவார். பேச்சு சூடுபிடிக்கும் நேரம் பார்த்துப் படம் உறைந்துவிடும். திட்டு கேபிள்காரருக்கு விழும். லைனில் கோளாறே இல்லை. மோடம் அம்மாவின் போனுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தது.

மோடத்துக்குள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகள். முன்பு இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் இருக்கும். ஒன்றின் வாலில் '5ஜி' என்று ஒட்டியிருக்கும். (செல்போன் 5ஜிக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.) இப்போது பல மோடங்கள் இரண்டையும் ஒரே பெயருக்குள் அடக்கிவிட்டு, முடிந்தவரை எல்லாக் கருவிகளையும் வேகமான 5-க்குத் தள்ளுகின்றன. இதற்குப் பேண்ட் ஸ்டியரிங் என்று பெயர். ஸ்மார்ட் கனெக்ட் என்றும் சொல்கிறார்கள்.

இதில் நியாயம் இல்லாமலில்லை. அது தெரிய ஸ்ரீவில்லிபுத்தூர் மாட வீதிக்குப் போக வேண்டும். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள்; கூடத்தில் உட்கார்ந்து போனைத் திறந்தால் தெருவில் பாதிப் பேரின் வைஃபை பெயர்கள் வரிசைகட்டும். 2.4-இல் இருப்பது மொத்தம் 83.5 மெகாஹெர்ட்ஸ். ஒன்றோடொன்று மோதாத சேனல் என்றால் 1, 6, 11 என மூன்றே மூன்று. ஒரே சேனலில் இருப்பவர்கள் ஒருவர் முடித்த பிறகுதான் அடுத்தவர் பேச முடியும், குழாயடியில் குடம் வைத்த கதை. 5 பக்கமோ தாராளம்: 2018 அக்டோபரில் மத்திய அரசு 605 மெகாஹெர்ட்ஸை உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டது. போதாததற்கு 5-இன் அலை சுவர் தாண்டத் திணறும். ஒட்டு வீடுகளில் அந்தப் பலவீனமே வரம். பக்கத்து வீட்டு இரைச்சல் அதிகம் உள்ளே வராது. ஆடிப்பூரத் தேருக்கு வந்த உறவுக்கூட்டம் கூடம் நிறைய உட்கார்ந்து போனைத் தடவும்போது, அத்தனை பேரையும் 5-க்கு ஏற்றிவிடுவதைவிட நல்ல யோசனை கிடையாது. நம் வீடுகளில் பலர் போட்டிருப்பது 40, 50 எம்பிபிஎஸ் பிளான்தான். அதற்கு 5-இன் வேகம் அதிகப்படி. நெரிசலிலிருந்து தப்பிப்பதே உண்மையான லாபம்.

என் சண்டை அது தள்ளுகிற முறையோடுதான். எந்த அலைவரிசையில் சேர்வது என்ற முடிவை, வைஃபைக்கான 802.11 தரநிலை கருவியிடமே விட்டிருக்கிறது. மோடம் கட்டளையிட முடியாது. ஆகவே தந்திரம் செய்கிறது. போன் 2.4-இல் 'யார் இருக்கிறீர்கள்?' என்று கேட்டால் காது கேளாதது போல இருந்துவிடும். 5-இல் கேட்டால் மட்டும் பதில் வரும். சில மோடங்கள் ஒரு படி மேலே போய், 2.4-இல் ஒழுங்காகப் பேசிக்கொண்டிருக்கும் போனையே வெட்டிவிடும், 5-க்குப் போகட்டும் என்று. அம்மாவின் படம் உறைந்தது அந்த நேரத்தில்தான்.

மோடத்துக்குக் கேட்பது போனின் குரல் மட்டுமே. போனின் காதில் என்ன விழுகிறது என்பது அதற்குத் தெரியாது. வெட்டவெளியிலேயே 5-இன் சிக்னல் 2.4-ஐவிட ஏறக்குறைய 7 டெசிபெல் குறைவாக வந்து சேரும். செங்கல் சுவர் அதை இன்னும் தின்னும். இரும்பு பீரோ இரண்டையுமே மறிக்கும் என்றாலும், 12 சென்டிமீட்டர் நீளமுள்ள 2.4 அலை ஓரமாக வளைந்து கொஞ்சமாவது வந்துவிடும். கருவிக்குக் கருவி குணமும் வேறு. ஆப்பிள் சொல்வதன்படி, சிக்னல் –70 டிபிஎம்முக்குக் கீழே இறங்கினால் ஐபோன் வேறு இடம் தேடும். மேக் –75 வரை பொறுக்கும். ஒரே கம்பெனிச் சரக்கே இப்படி என்றால், எல்லாவற்றுக்கும் ஒரே கோடு போடும் மோடம் எப்படிச் சரியாக இருக்கும்?

802.11வி என்ற வழி நாகரிகமானது. 'அந்தப் பக்கம் போனால் நல்லது' என்று மோடம் ஒரு பட்டியலை நீட்டும், போன் மறுக்கலாம். பழைய போன்களுக்கு இந்தப் பாஷை புரியாது, போகட்டும். ஆன் செய்து வைக்கத் தகுந்தது இந்த ஒன்றுதான் என்பேன். நம் ஊருக்கு வரும் மோடங்களில் பலவற்றில் எந்த முறை உள்ளே ஓடுகிறது என்று மெனுவில் ஒரு வரிகூட இராது. ஆன், ஆஃப், அவ்வளவுதான்.

புறவாசலுக்கு ஒரு கேமரா வாங்கியதும் (நாய்க்குப் பேர்போன ஊரில் கேமரா எதற்கு என்று கேட்காதீர்கள்) அடுத்த கூத்து. மலிவு கேமராக்களில் பலவற்றுக்கு 2.4 மட்டுமே தெரியும். போன் 5-இல் உட்கார்ந்திருந்தது. செட்டப் செய்யும் ஆப் '2.4-க்கு மாறுங்கள்' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. பெயர் ஒன்றாக இருக்கும்போது எதற்கு மாறுவது? மாட்ட வந்த பையன் சிரித்தான்: "அண்ணே, பேரைப் பிரிச்சு விடுங்க, எல்லாம் சரியாயிரும்."

பிரித்தேன். கூடுதல் ஒயருக்குக் காசு கொடுத்து மோடத்தையும் நடு அறைக்கு மாற்றினேன். இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும். அம்மாவின் போனில் 2.4-இன் பெயர் மட்டும் இருக்கிறது. தம்பி ஊருக்கு வந்தால் நடு அறையில் படுத்துக்கொண்டு 5-இல் கிரிக்கெட் பார்க்கிறான். பீரோவை நகர்த்த மட்டும் அம்மா சம்மதிக்கவில்லை.