ஒருவருக்கு மட்டும் ரீப்ளே: காலப்பயணக் காதலும் ரசிகர் தீர்ப்பும்

காலப்பயணக் காதல் கதையில் ரசிகர்கள் இயந்திரத்தின் மீது குறை சொல்வது அபூர்வம். கைக்கடிகாரம் காலத்தைத் திருப்பினாலும், தொலைபேசி பழைய வருஷத்துக்கு மணியடித்தாலும் முதல் பத்து நிமிடங்களில் ஒத்துக்கொண்டுவிடுகிறார்கள். முகச்சுளிப்பு வருவது காதல் பகுதியில்தான். ‘இழுக்கிறது’, ‘ஒட்டவில்லை’ என்ற இரண்டு புகார்களும் பெரும்பாலும் அங்கேதான் எழுகின்றன. காட்சிகளின் நீளம் அதற்குக் காரணமாகச் சொல்லப்படும். ஆனால் ஆட்டத்தில் ஒரு தரப்புக்கு மட்டும் ரீப்ளே வசதி இருப்பதுதான் உண்மையான சிக்கல்.

2016 மே மாதம் வெளியான விக்ரம் குமாரின் ‘24’ இதற்கு நல்ல உதாரணம். சேதுராமன், ஆத்ரேயா, மணி என்று சூர்யாவுக்கு மூன்று வேடங்கள். 26 ஆண்டுக் கோமாவிலிருந்து எழுந்து சக்கர நாற்காலியில் முடங்கும் வில்லன் ஆத்ரேயாவை ரசிகர்கள் கொண்டாடினார்கள். மழைத்துளிகள் அந்தரத்தில் நிற்கும் காட்சிக்கும் குறைவில்லாத வரவேற்பு. திருவின் ஒளிப்பதிவுக்குத் தேசிய விருதே கிடைத்தது. இத்தனைக்கும் நடுவே மணி–சத்யா காதல் பகுதி மட்டும் அடிவாங்கியது. கடிகாரம் பழுதுபார்க்கும் மணி, காலத்தை நிறுத்தியும் பின்னுக்குத் தள்ளியும் சத்யாவின் மனதைப் பிடிக்கப் பார்க்கிறான். சமந்தா நடித்த சத்யாவுக்கு இது எதுவும் தெரியாது. தவறிய பந்தை அவன் மட்டும் மறுபடி ஆடிக்கொள்ளலாம். அவளுக்கு எப்போதும் அதுதான் முதல் பந்து. சூர்யாவின் துறுதுறுப்பால் தியேட்டரில் சிரிப்பு வந்தது உண்மைதான். ஆனாலும் தோற்க வழியே இல்லாதவன் ஜெயிப்பதில் என்ன விறுவிறுப்பு இருக்க முடியும்? 164 நிமிடப் படத்தில் அந்தப் பகுதி உள்ளதைவிட நீளமாகத் தோன்றியதற்கு இதுவே காரணம்.

அதற்கு ஓராண்டு முன்னால் வந்த ஆர். ரவிக்குமாரின் ‘இன்று நேற்று நாளை’ இந்தப் பள்ளத்தைத் தாண்டிவிட்டது. 2065-லிருந்து வந்த இயந்திரம் விஷ்ணு விஷாலின் இளங்கோவிடமும் கருணாகரனின் ஜோசியரிடமும் சிக்குகிறது. காணாமல்போன பொருளைக் கண்டுபிடித்துக் கொடுத்துக் காசு பார்க்கிறார்கள். சாக வேண்டிய ரவுடி குழந்தைவேலு இவர்கள் குறுக்கே புகுந்ததால் பிழைத்துக்கொண்டு, காதலியின் குடும்பத்துக்கே எமனாக வருகிறான். எடுத்துக்கொண்ட சலுகையை வட்டியோடு கட்டவேண்டியிருக்கிறது. காதல் காட்சிகள் சுமார் ரகம்தான். என்றாலும் கணக்கு நேராக இருந்ததால் யாரும் பெரிதாகக் குறைப்படவில்லை.

2020 பிப்ரவரி 14 அன்று வந்த ‘ஓ மை கடவுளே’ இன்னும் சாமர்த்தியமான ஆட்டம். இயக்கம் அஸ்வத் மாரிமுத்து. விவாகரத்துக்கு நிற்கும் அர்ஜுனுக்கு, விஜய் சேதுபதி உருவில் வரும் கடவுள் இரண்டாவது வாய்ப்பு தருகிறார். இங்கேயும் நடந்தது அனைத்தும் நாயகனுக்கு மட்டுமே நினைவிருக்கிறது. அந்த நினைவு அவனுக்கு ஆயுதமாக அமையாமல் தண்டனையாக அமைகிறது. மாமனாரின் டாய்லெட் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையை முதல் வாழ்க்கையில் சபித்துக்கொண்டே செய்தவன், அந்தத் தொழிலுக்குப் பின்னால் இருக்கும் கதையை இரண்டாவது வாழ்க்கையில்தான் காதுகொடுத்துக் கேட்கிறான். எம்.எஸ். பாஸ்கர் நடித்த அந்த இடத்தில் காதலே கிடையாது. அப்படியும் காதல் கதை திரும்புவது அங்கேதான். 1993-ல் வந்த ஹாலிவுட் படமான ‘கிரவுண்ட்ஹாக் டே’யும் இதே பாதையில் போனது. ஒரே நாள் திரும்பத் திரும்ப வருவதை வைத்து நாயகியை மடக்கப் பார்க்கும்வரை நாயகனுக்குக் கன்னத்தில் அறைதான் மிச்சம்.

கடவுள் காலத்தில் கைவைப்பது ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து ரசிகருக்கு விளக்கம் தேவைப்படாத சங்கதி. மலையடிவாரத்தில் நீர்காத்த அய்யனாரைக் கும்பிட்டு வளர்ந்தவர்கள், ‘மாநாடு’ படத்தின் காலச்சுழலுக்குக் காலபைரவர் காரணம் என்றால் மறுகேள்வி கேட்கப்போவதில்லை. காதலில் ஒளிவுமறைவு எப்படித் தீர வேண்டும் என்பதற்கும் அந்த மண்ணில் ஒரு முன்கதை இருக்கிறது. பெருமாளுக்குக் கட்டிய மாலையை ஆண்டாள் யாருக்கும் தெரியாமல் சூடிப் பார்த்தாள். பெரியாழ்வார் கண்டுபிடித்தார், புது மாலை கட்டினார். சூடிய மாலைதான் வேண்டும் என்று பெருமாளே கேட்டார் என்கிறது வரலாறு. ரகசியம் வெளிப்பட்ட பிறகு கிடைத்த சம்மதம் அது. பங்குனி உத்திரத் திருக்கல்யாணத்தை ஆண்டுதோறும் பார்க்க வருகிற கூட்டத்துக்கு முடிவு தெரிந்திருப்பது ஒரு குறையே இல்லை.

ஒரு தரப்புக்கு மட்டும் எல்லாம் தெரிந்திருக்கும் சிக்கலைத் தீர்க்கச் சின்னத்திரைக்கு வசதி அதிகம், ஏனென்றால் மற்றவருக்கும் உண்மை தெரிந்த பிறகு என்ன ஆகிறது என்பதைக் காட்ட அங்கே நேரம் இருக்கிறது. பிரிட்டனின் ‘டாக்டர் ஹூ’ 2007-ல் இரண்டு பாகமாக ஒளிபரப்பிய ‘ஹியூமன் நேச்சர்’, ‘தி ஃபேமிலி ஆஃப் பிளட்’ கதையை அந்தத் தொடரின் ரசிகர்கள் இன்றும் உச்சத்தில் வைக்கிறார்கள். காலப்பயணி தன் நினைவையே கழற்றி வைத்துவிட்டு, 1913-ல் ஒரு பள்ளிக்கூட வாத்தியாராக வாழ்கிறான். ஜோன் என்ற விதவை நர்சைக் காதலிக்கிறான். இருவருக்கும் எதுவும் தெரியாது என்பதால் ஆட்டம் சமநிலையில் தொடங்குகிறது. உண்மை உடைந்த பின் பழைய உருவுக்குத் திரும்பியவன் ஜோனைத் தன்னோடு அழைக்கிறான். நீ இங்கே வராதிருந்தால் இத்தனை பேர் செத்திருப்பார்களா என்ற பொருளில் அவள் கேட்கிறாள். கூடப் போக மறுத்துவிடுகிறாள்.

தமிழில் தொடராக வந்த முயற்சி, 2020 செப்டம்பரில் அமேசான் பிரைமில் கவிதாலயா தயாரித்த ‘டைம் என்ன பாஸ்’. பரத் நடித்த நாயகனின் வீட்டில் வெவ்வேறு காலத்திலிருந்து தவறி வந்த நால்வர் குடியேறுகிறார்கள். எடுத்துக்கொண்டது கலகலப்பு என்பதால் காதலின் கனம் அதில் ஏறவில்லை.

கொரியாவின் ‘லவ்லி ரன்னர்’ 2024 ஏப்ரல், மே மாதங்களில் 16 பகுதிகளாக ஓடியது. ஒளிபரப்பு ரேட்டிங் 3 சதவீத அளவில் தொடங்கி, கடைசிப் பகுதியில்கூட 6-ஐத் தொடவில்லை. ஆனாலும் அந்த ஆண்டில் அதிகம் பேசப்பட்ட கொரியத் தொடர்களில் அதுவும் ஒன்று. இறந்துபோன பாடகன் சன்-ஜேவைக் காப்பாற்ற 2008-க்குப் போகும் இம் சோல், அவனிடம் உண்மையை மறைத்துத்தான் பழகுகிறாள். பாதி வழியில் அவள் எதிர்காலத்திலிருந்து வந்தவள் என்று அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. சாதாரணப் படம் சுபம் போட்டிருக்கும் அந்த இடத்துக்குப் பிறகும் பல பகுதிகள் மிச்சம் இருந்தன. தன்னைக் காப்பாற்ற அவள் போடும் திட்டத்துக்கு மறுப்புச் சொல்லும் உரிமை அந்தப் பகுதிகளில் சன்-ஜேவுக்கும் கிடைத்தது.