உயராத குரல்

'கலெக்டிவ்' ஆவணப்படத்தில் என்னைக் கட்டிப்போட்டது, கட்டலின் டொலொன்டன் கேள்வி கேட்கும் விதம்தான். ருமேனியாவின் விளையாட்டு நாளிதழ் ஒன்றின் ஆசிரியராக அப்போது இருந்தவர் அவர். 2015இல் புக்காரெஸ்ட் இரவு விடுதித் தீயில் பிழைத்தவர்கள் பலர் பிறகு மருத்துவமனையில் இறந்தார்கள். அங்கே புழங்கிய கிருமிநாசினியைத் துருவியது அவருடைய குழு. அத்தனையும் நீர்த்த சரக்கு! ஆனாலும் செய்தியாளர் கூட்டத்தில் அவர் சத்தம் போடுவதில்லை. சின்னக் கேள்வி, சுற்றிவளைத்து ஒரு பதில், திரும்பவும் அதே கேள்வி, அதே நிதானத்தில். அலுவலகத்துக்கு வந்தால், கைக்கு வந்த தகவலைத் தட்டான் பொன்னை உரசுவதுபோல உரசிப் பார்க்கிற பொறுமை வேறு. அந்தப் பொறுமைதான் இந்தத் தொழிலின் அழகு என்பேன்.

இந்தச் செய்தி வெளிவந்த பிறகு, 2016 மே மாதம் சுகாதார அமைச்சர் பதவி விலகினார். படம் கிடைத்தால், டொலொன்டனின் அந்தக் குரலுக்காகவே பாருங்கள்.