பனி நாட்டுப் படைப்பாளரும் நம் பாராட்டும்

"கனடாவிலே தமிழ் வாழ்கிறது!" என்று ஒருவர் மேடையிலே முழங்கினால், மதுரையில் கையொலிக்குப் பஞ்சம் இராது. சங்கம் வளர்த்த ஊர் என்ற பெருமிதத்திலே திளைக்கும் நமக்கு, கடல்கள் பல கடந்தும் தமிழ் ஒலிக்கிறது என்ற செய்தி தேனாய் இனிக்கிறது. இனிக்கட்டும். ஆனால் கை தட்டியவரை நிறுத்தி, அங்கே எழுதுவோர் யாவர், எழுதியது யாது எனக் கேட்டால், விடையிறுப்போர் எத்தனை பேர்? அறிமுகம் என்ற பெயரால் நாம் செய்வதெல்லாம் பட்டியல் படிப்பதே. பெயர், பிறந்த ஊர், பெற்ற பரிசு! அத்துடன் முடிந்தது. நூல் மட்டும் திறக்கப்படுவதில்லை.

1981 ஜனவரியில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு இதே மதுரையில் நடந்தது. ஐந்து திங்கள் கழியுமுன், யாழ்ப்பாணத்துப் பொது நூலகம் கொளுத்தப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. மாநாட்டை நினைவிலே வைத்திருக்கும் நாம், அந்த நெருப்பைக் கவிதையாக்கியவரை அறிவோமா? அவர் பெயர் சேரன். 1960இல் அளவெட்டியில் பிறந்தவர். 'மஹாகவி' என்று ஈழம் போற்றிய உருத்திரமூர்த்தியின் மகன். கனடாவின் வின்சர் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராகப் பணியாற்றியவர். அவருடைய 'இரண்டாவது சூரிய உதயம்' 1983இல் வெளிவந்தது.

சேரனின் பாட்டிலே ஒப்பாரி இல்லை, வீரவசனமும் இல்லை. கடலும் மணலும் தெருவும் தீயும் சின்னஞ்சிறு சொற்களிலே வந்து நிற்கின்றன. அடக்கியவனைக் குற்றம் சாட்டிய அதே நேர்மையோடு, தன் இனத்தார் கையிலிருந்த துப்பாக்கிகளையும் கேள்வி கேட்டவர் அவர். இதைத்தான் நம் மேடைகள் மறைக்கின்றன! அவரைக் கண்ணீர்க் கவிஞர் ஆக்கிவிட்டால் நமக்கு வசதி. கேள்வி கேட்பவர் என்று சொல்லிவிட்டாலோ, அந்தக் கேள்வி நம் பக்கமும் திரும்புமே!

முள்ளிவாய்க்காலுக்குப் பின் 2011இல் வந்த அவர் தொகுப்பின் பெயர் 'காடாற்று'. சுடலையிலே செய்யும் சடங்கின் பெயர் அது. சடங்கின் பெயரைத் தலைப்பாக்கலாமா என்று நம் தோழர் சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்க வேண்டா. சாம்பலை ஆற்றுவதற்குச் சுடலையும் இல்லை, எடுப்பதற்கு எலும்பும் இல்லை என்றாகிவிட்ட மக்களின் நிலையை வேறு எந்தச் சொல் இத்துணைக் கொடுமையாகச் சொல்லும்? சடங்கை வாழ்விக்க வந்த சொல்லன்று அது. சடங்குக்கும் வழியற்றுப்போன மாந்தரைக் காட்ட வந்த சொல் என்றே நாம் படிக்கிறோம்.

ஆங்கிலத்தில் எழுதும் சியாம் செல்வதுரை வேறு வகை. தந்தை தமிழர், தாய் சிங்களவர். 1983 கலவரத்துக்குப் பின் குடும்பத்துடன் கனடா சென்றவர். 1994இல் வந்த அவருடைய 'ஃபன்னி பாய்' நாவல், ஆணை விரும்பும் கொழும்புத் தமிழ்ச் சிறுவன் ஒருவனின் கதை. வெளியே இனவெறி, வீட்டுக்குள்ளே, 'ஆண்பிள்ளை இப்படித்தான் இருக்க வேண்டும்' என்ற விதி. இரண்டும் ஒரே அடக்குமுறையின் இரு முகங்கள் என்று அவர் காட்டும் துணிவைப் பகுத்தறிவு பேசும் இளைஞர் படித்தே தீரவேண்டும். தீபா மேத்தா அதைப் படமாக்கினார். படத்திலே பேசப்பட்ட தமிழ் தமிழாக இல்லை எனக் கனடாத் தமிழர் வெகுண்டனர். வேடிக்கை என்னவெனில், 2020இல் ஆஸ்கர் விருதின் அயல்நாட்டுப் படப் பிரிவுக்குக் கனடா அதை அனுப்ப, ஆங்கிலமே மிகுதி என்று திருப்பிவிட்டார்கள்! தமிழர் கதைக்குத் தமிழே விருந்தாளி.

பாராட்ட வேண்டியதைப் பாராட்டுவோம். 2001இல் தொடங்கிய கனடாத் தமிழ் இலக்கியத் தோட்டம், தன் இயல் விருதை டொமினிக் ஜீவாவுக்கும் அளித்தது. முடிதிருத்தும் தொழிலாளியாய் இருந்து, சாதிக் கொடுமையை எதிர்த்து எழுதி, 'மல்லிகை' இதழை 1966 முதல் பல்லாண்டு நடத்தியவர் அவர். அந்த விருதுக்கு நாமும் கை தட்டுவோம்.

எழுத்தாளரையாவது பெயரளவில் சொல்கிறோம். ஓவியர் என்ற பேச்சே எழுவதில்லை. தமிழர் இருக்கட்டும், கனடா மண்ணின் முதற்குடியில் பிறந்த நார்வல் மாரிசோ என்ற ஓவியரை நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்? தம் மக்களின் தொன்மக் கதைகளைப் புறத்தார் காண வரையலாகாது என்று மூத்தோர் தடுத்தும், தடித்த கரிய கோடுகளும் கொழுந்துவிடும் வண்ணங்களுமாய் வரைந்தவர். 1962இல் டொராண்டோவில் அவர் படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டு விற்றுத் தீர்ந்தன. தாய்மொழி பேசினால் தண்டித்த உறைவிடப் பள்ளியிலே படித்தவர் அவர். அத்தகைய பள்ளிகளுக்கு 1,50,000க்கும் மேற்பட்ட முதற்குடிச் சிறார் இழுத்துச் செல்லப்பட்டதை, உண்மை கண்டறியும் ஆணையம் 2015இல் தன் இறுதி அறிக்கையிலே எழுதியது.

மொழிக்காக அடிபட்ட ஓர் இனம், மொழிக்காக அடிபட்ட மற்றோர் இனத்தின் மண்ணிலே குடியேறியிருக்கிறது. அந்த மூத்த குடிகளை நம் படைப்பாளர் எப்படிப் பார்க்கின்றனர், எவ்வளவு எழுதுகின்றனர்? மதுரையில் அடுத்த அறிமுகக் கூட்டம் நடக்கும்போது, பரிசுப் பட்டியல் படித்து முடிந்ததும், தோழர் ஒருவர் எழுந்து இதைக் கேட்கட்டும்.