சிதறலை எடைபோடும் மரபுகள்

அரை லிட்டர் பால் பாக்கெட் நிரப்பும் இரண்டு இயந்திரங்கள். இரண்டின் சராசரியும் 500 மில்லிதான். ஆனால் ஒன்று 498-க்கும் 502-க்கும் இடையில் அடங்கி நிற்கிறது. மற்றது 490-க்கு இறங்கி 510-க்கு ஏறுகிறது. சராசரிகளை ஒப்பிடும் சோதனைக்கு இந்த வேறுபாடு கண்ணில் படாது. ‘இரண்டு தொகுதிகளின் சிதறலும் ஒன்றுதானா?’ என்று தனியே கேட்டாக வேண்டும். அதைக் கேட்கும் முறையில்தான் புள்ளியியலார் பிரிந்து நின்றார்கள்.

மூத்த மரபு ரொனால்ட் ஃபிஷருடையது. 1919-இல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் சேர்ந்தவர், 1924-இல் டொராண்டோ கணித மாநாட்டில் சிதறலை அளக்கும் மாறுபாடுகள் இரண்டின் விகிதத்துக்குரிய பரவலை முன்வைத்தார். அவர் கையாண்டது அந்த விகிதத்தின் மடக்கையில் பாதி. கணக்குப் போடுகிறவர்களுக்கு அது சிரமம்தான். கல்கத்தாவின் மகலநோபிஸ் 1932-இல் மடக்கை தேவைப்படாத அட்டவணைகளை வெளியிட்டார். 1934-இல் அயோவாவின் ஸ்னெடெகர் விகிதத்தையே அட்டவணையாக்கி, ஃபிஷரைச் சிறப்பிக்க ‘எஃப்’ என்று பெயரிட்டார். பெயர் நிலைத்தது. கல்கத்தாவின் பங்கை நம் பாடநூல்களே சொல்வதில்லை என்பது என் வருத்தம்.

எஃப் சோதனையின் வேலை எளிது: பெரிய மாறுபாட்டைச் சிறியதால் வகுத்து அட்டவணையைப் பார்ப்பது. இயந்திரத்துக்குப் பத்துப் பாக்கெட் வீதம் அளந்தால் இருபுறச் சோதனைக்கு, 5 விழுக்காட்டு அளவில், விகிதம் 4.03-ஐத் தாண்ட வேண்டும். அதாவது ஒன்றின் திட்டவிலக்கம் (மாறுபாட்டின் வர்க்கமூலம்) மற்றதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் தெரிந்தால்தான் வேறுபாடு என்று சொல்ல முடியும். பலர் பெரியதை மேலே வைத்துவிட்டு ஒருபுற அட்டவணையின் 3.18-ஐ எடுத்துக்கொள்கிறார்கள். அப்போது 5 என்று எழுதினாலும் நடப்பது 10 விழுக்காட்டுச் சோதனை.

நெய்மனும் ஈகான் பியர்சனும் வேறு அளவுகோல் கொண்டுவந்தார்கள்: உண்மையாகவே இருக்கும் வேறுபாட்டைச் சோதனை எவ்வளவு திறமையாகக் கண்டுபிடிக்கிறது? 1937-இல் பார்ட்லெட் பல தொகுதிகளுக்கு ஏற்ற சோதனையைத் தந்தார். எல்லாம் ஒரே அஸ்திவாரத்தில் நின்றன: தரவு இயல்நிலைப் பரவலிலிருந்து வருகிறது என்ற நம்பிக்கை.

அதை ஆட்டம் காண வைத்தவர் ஜார்ஜ் பாக்ஸ். 1953-இல் அவர் காட்டிய கணக்கு சங்கடமானது. பரவலின் வால் தடித்து, தட்டையளவின் மிகுதி 2 ஆக இருந்தால், பெரிய மாதிரியில் 5 விழுக்காடு என்று நாம் நம்பும் தவறு உண்மையில் சுமார் 16.6 விழுக்காடு. வால் மெலிந்து அது −1 ஆனாலோ 0.56 விழுக்காடுதான். மாதிரியைப் பெரிதாக்கினாலும் தீராது. சராசரிகளை ஒப்பிடும் சோதனை இத்தகைய பிறழ்வை எளிதில் தாங்கிக்கொள்ளும். ஆகவே சராசரிகளை ஒப்பிடுமுன் மாறுபாடுகளைச் சோதிப்பது, வலியதற்கு அனுமதி கொடுக்க மெலியதை வாசலில் நிறுத்தும் அபத்தம் என்பது அவர் கட்சி. என் கட்சியும் அதுவே.

மாற்று வழி 1960-இல் வந்தது. ஒவ்வொரு அளவும் தன் தொகுதிச் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று குறியை விட்டுவிட்டு எழுதி, அந்தத் தூரங்களின் சராசரிகளை ஒப்பிடச் சொன்னார் ஹோவர்ட் லெவீன். கட்டுரை வெளியானது ஹரோல்ட் ஹோட்டலிங்குக்கான பாராட்டு மலரில்! மலர்க் கட்டுரைகளை யார் படிக்கிறார்கள் என்று கேட்போர் கவனிக்க. 1974-இல் பிரவுனும் ஃபோர்சைத்தும் சராசரிக்குப் பதில் இடைநிலையைக் கொண்டதும், ஒருபக்கம் சாய்ந்த தரவிலும் சோதனை நிதானம் பெற்றது. 1981-இல் கோனோவரும் அவருடன் இரு ஜான்சன்களும் 56 சோதனைகளை ஒப்பிட்டபோது, தேறிய சிலவற்றில் இதுவும் ஒன்று. தரவரிசையை நம்பும் சீகல்–டூக்கி, அன்சாரி–பிராட்லி வகையும் உண்டு. இரு தொகுதிகளின் மையமும் ஒத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அவற்றின் பயனைச் சுருக்கிவிடுகிறது.

எஸ்.பி.எஸ்.எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள் இன்றும் சராசரிகளை ஒப்பிடும் டி சோதனையின் விடைக்கு முன்னால் லெவீன் விடையை அச்சிடுகிறது. அதில் 0.05-க்கு மேல் ஓர் எண் தெரிந்ததும் ‘மாறுபாடுகள் சமம்’ என்று ஆய்வேட்டில் எழுதிவிடுகிறார்கள். பத்துப் பாக்கெட்டை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல முடியாது. வேறுபாடு கண்ணுக்கு எட்டவில்லை என்று மட்டுமே சொல்லலாம். சராசரிகள்தான் கேள்வி என்றால், மாறுபாடுகள் சமம் என்ற நிபந்தனையே இல்லாத வெல்ச்சின் முறை 1947 முதல் கையில் இருக்கிறது.