தென்னமரமும் தென்னைமரமும்

கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரத் தோட்டம் மலேசிய வரலாற்றில் இடம்பெற்ற ஒன்று. பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோக்கோனியே 1917-இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை அங்கேதான் உருவாக்கினார். மலாயாவைக் களமாகக் கொண்ட நாவலுக்காக 1930-இல் பிரான்சின் கொங்கூர் பரிசு பெற்றவரும் அவரே. தோட்டத்தின் பெயரோ தமிழ். தென்னைமரம் என்பதன் கொச்சை என்று அதனைத் தள்ளுவார் உளர். ஆயின், புளி என்பது அம்முச் சாரியை பெற்று, மகரம் கெட்டுப் புளியமரம் ஆனாற்போலத் தென்னையும் ஐகாரம் கெட்டுத் தென்னமரம் ஆயிற்று என வாதிக்கவும் இடமுண்டு. தென்னந்தோப்பும் தென்னங்கீற்றும் அதற்குச் சான்று சொல்லும்.

இவ்வழக்கு வகுப்பறையில் நிகழும்வரை இனிய பொழுதுபோக்கு. இணையப் பெயர் பதியும் இடத்திற்கு வந்துவிட்டாலோ, தென்னமரமும் தென்னைமரமும் இரு வேறு உடைமைகள்; ஒன்றைப் பதிந்தவர் மற்றொன்றுக்கு உரியவர் ஆகார்.

இணையத்தின் நாட்டுப்பெயர்ப் பட்டியலில் இலங்கை, சிங்கப்பூர், இந்தியா என்னும் மூன்று பெயர்கள் தமிழெழுத்தில் 2010, 2011ஆம் ஆண்டுகளில் ஏறின. மலேசியாவின் பெயர் உரோமன் சுருக்கத்தை அடுத்து ஜாவி எழுத்தில் மட்டும் உண்டு, தமிழில் இல்லை. எனினும் டாட் காம் போன்ற பொதுப் பெயர்களின்கீழ்த் தமிழெழுத்தில் பெயர் பதிய எந்நாட்டாருக்கும் தடையில்லை. இதனைத் தமிழின் வெற்றி எனப் பாராட்டாத மேடை இல்லை. பாராட்டு தகும். ஆனால் ஏறிய பெயரைக் காப்பது எப்படி என்னும் வினா மேடைகளில் எழுவதில்லை. எழுந்தாலும் அது கணினிப் பொறியாளர் கவலை என்று ஒதுக்கப்படுகிறது. அவ்வொதுக்கலே ஈண்டுக் குறையாகச் சுட்டப்படுகிறது.

பெயரமைப்பின் இயல்பு எளிது. கணினிகள் ஒன்றையொன்று எண்ணால் அறியும். மாந்தர் பெயரால் அறிவர். பெயரைக் கேட்டு எண்ணைச் சொல்லும் படிநிலை ஏற்பாட்டைப் பால் மொக்கபெட்ரிஸ் என்பார் 1983-இல் வகுத்தார். உச்சியில் 13 பெயர்களின்கீழ் இயங்கும் வேர்க்கணினிகள், அவற்றின்கீழ் நாட்டுப் பதிவேடுகளும் பொதுப் பதிவேடுகளும், அவற்றின்கீழ் பெயருக்குரியவர். தோட்டத்திற்கு வரும் கடிதம் ஊர், தோட்டம், லயம் என்று படிப்படியாக இறங்குவதைப் போன்றதே இதுவும். வேறுபாடு ஒன்று. முகவரியில் எழுத்துப் பிழை இருந்தால் தோட்டத்துக் கிராணியார் ஆளறிந்து சேர்ப்பிப்பார். பெயர்க் கணினிக்கு ஆளறியும் பழக்கம் இல்லை.

ஓலைச்சுவடிகளை நினைத்துப் பார்த்தால் இது நன்கு விளங்கும். புள்ளியிடாத மெய், குறிலும் நெடிலும் வேறுபடாத எகர ஒகரம், ரகரமும் காலும் ஒரே வடிவாய் வரும் வரி ஆகிய இத்தனைக்கும் இடையே பொருளறிந்து படித்தவர்கள் நம் முன்னோர். வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தமும் பின்வந்த அச்சும் சுமையைப் பெரிதும் குறைத்தன. அழிந்துபோயிற்று என்று கருதிய பழைய மயக்கம் இப்போது வேறு வடிவில் திரும்பியிருக்கிறது. அதனைத் தீர்க்கப் பொருளறியும் கண் இடையில் இல்லை என்பதே புதுமை.

ஔவை என்னும் பெயரை ஔகாரமிட்டும் எழுதலாம். ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டியும் எழுதிவிடலாம். பின்னது பிழை. ஆயினும் பாடநூல்களிலேயே அது புகுந்துள்ளதை ஆசிரியர் அறிவர். கௌரியிலும் இதே சிக்கல். தோட்டத்து மாரியம்மன் கோயில்களின் பெயர்முன் வரும் ஸ்ரீ இன்னும் நுட்பமானது. ஸகரத்தை முதலாகக் கொண்டும், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தை முதலாகக் கொண்டும் அதனை ஆக்கலாம். திரையில் தோன்றும் உருவம் ஒன்றே. தமிழ் எண்களில் ஒன்று ககரத்தையும், இரண்டு உகரத்தையும், ஏழு எகரத்தையும் ஒத்திருப்பதைச் சொல்லவேண்டியதில்லை. தமிழ்ப்பெயர் கணினிகளிடையே செல்லும்போது உரோமன் எழுத்துக்கோவையாக மாற்றப்பட்டே செல்கிறது. அங்கே இவ்விரட்டைகள் முற்றிலும் வேறான இரு கோவைகள். திருப்பணிக்கு நன்கொடை அனுப்பும் அன்பர் காண்பது கோயிலின் பெயர். பணம் சென்று சேர்வது பிறிதொருவர் பையில். இங்ஙனம் நேரக்கூடும்.

இவ்விடர் அறியப்படாததன்று. வேர்ப்பட்டியலில் ஏறும் தமிழ்ப்பெயர்களுக்கான எழுத்துவிதிகள் 2019-இல் வகுக்கப்பட்டன. எண்களுக்கு அங்கே இடமில்லை. உருவொத்த கோவைகளை மாற்றுவடிவங்களாகக் கொண்டு, இருவருக்குப் பிரித்துக் கொடாமை அவ்விதிகளின் நெறி. நல்ல பணி. ஆனால் அதன் எல்லை வாசற்படி மட்டுமே. அதற்குக் கீழே பதியப்படும் பெயர்களுக்கு எவ்விதி கொள்வதென்பது அந்தந்தப் பதிவேட்டாரின் முடிவு. கோயிலும் பள்ளியும் பெயர் பதிவது உச்சியிலன்று, கீழேதான்.

மறைமுத்திரை இருக்கிறதே என்பர் சிலர். டிஎன்எஸ்செக் என்னும் அம்முத்திரை 2010 சூலையில் வேரிலேயே இடப்பட்டது. அதன் தலைச்சாவி 2018 அக்டோபரில் முதன்முறையாக மாற்றப்பட்டது. பெயருக்குரிய விடை வழியில் திரிக்கப்படவில்லை என்பதற்கு அது உறுதி தரும். பதிவேட்டுக் குறிப்பே திருத்தப்பட்டால் அது என் செய்யும்? 2013 அக்டோபரில் கூகுளின் மலேசியப் பெயர்கள் வேறொரு பக்கத்துக்குத் திருப்பப்பட்டன. தட்டச்சிட்டவர் ஓரெழுத்தும் பிழைக்கவில்லை. மறுதலையாக, பிழையெழுத்துப் பெயரைப் பதிந்த மோசக்காரரும் முறைப்படி முத்திரை பெறலாம். கடிதம் பிரிக்கப்படவில்லை என்பதற்கே முத்திரை. சரியான ஆளுக்குத்தான் எழுதினோமா என்பதற்கன்று.

இப்பின்னதே தமிழாசிரியர் பொறுப்பு. பெயரில் இடைவெளிக்கு இடமில்லையாதலால் புணர்ச்சி முன்னே வந்து நிற்கும். தமிழ்ப்பள்ளியா, ஒற்றில்லாத தமிழ்பள்ளியா? கோலசிலாங்கூரா, கோலாசிலாங்கூரா? நாளேட்டுக்கு நாளேடு வேறுபடும் இவ்வழக்குகளில் ஒன்றைத் துணிந்து, எஞ்சியவற்றையும் தம் பெயரிலேயே பதிந்து வைக்கவேண்டும். பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆனது போல ஊர்ப்பெயரே மாறும்போது பழைய இணையப் பெயரைத் தவணை தவறவிடுவோரும் உண்டு. கைவிட்ட பெயரைக் காத்திருந்து எடுப்பாரும் உண்டு.

தென்னமரத்திற்கு வருவோம். பெயர் பதியும் ஆசிரியர் இலக்கணம் நோக்கித் தென்னைமரம் என்று திருத்தினால், தோட்டத்து மக்கள் தேடும் பெயர் வெற்றிடமாய் நிற்கும். அவர்கள் நாவில் வழங்குவதையே தலைப்பெயராகப் பதிக. ஐகாரம் இட்டதையும் உடன் பதிந்து, முன்னதற்கே வழி திருப்பி வைக்க.