எச்சத்தை நம்பிய காவல்: ஒரு நிரல்வரி பற்றிய திறனாய்வு

கணனி நிரலும் மனிதன் எழுதும் ஒரு பனுவலே. ஆயின் அதனை இயக்குவோர் பலராகவும் படிப்போர் சிலராகவும் இருத்தலால் அதன் குறைகள் ஆண்டுக்கணக்கில் மறைந்து கிடக்கின்றன. லினக்ஸ் பணிசெயல் முறைமையின் கருவாகிய கேர்ணலில், 2019ஆம் ஆண்டு வெளிவந்த 5.1ஆம் பதிப்பில் இடம்பெற்று, 2022 சனவரியில் திருத்தப்பட்ட ஒரு வரியை ஈண்டு நோக்குவோம்.

கோப்பு முறைமையொன்றை இணைப்பதற்குப் பயனர் தரும் விருப்புகள் 4096 பைட்டு கொண்ட ஒரு நினைவகப் பக்கத்தில் ஒன்றன்பின் ஒன்றாக எழுதப்படுகின்றன. பக்கம் நிரம்பி வழியாது காப்பதே அவ்வரியின் பணி. 'சேர்க்கவேண்டிய நீளம், 4096இலிருந்து இரண்டையும் முன்னரே நிரம்பிய அளவையும் கழித்துவரும் எச்சத்திலும் பெரிதாயின் மறுக்க' என்பது அதன் பொருள். அவ்விரண்டு பைட்டுகளும் இடையிலிடும் காற்புள்ளிக்கும் ஈற்றிலிடும் சுழியத்துக்கும் உரியவை.

படிப்போர்க்கு இதிற் குற்றம் தோன்றாது. ஆயின் நிரம்பிய அளவு 4095ஐ எட்டும்போது எச்சம் மறை ஒன்றாதல் வேண்டும். அக்கணிப்பு நிகழும் எண்வகையோ மறைக்குறியை அறியாதது. இல்லாத இடத்திற் கடன்வாங்கிக் கழிக்கும் 64 பிற்றுக் கணனி, 18,446,744,073,709,551,615 என விடை தருகின்றது. பக்கம் நிறைந்துவிட்ட வேளையிலேயே எல்லையற்ற இடமிருப்பதாகக் காவல் கருதிவிடுகின்றது. அதன்பின் எழுதப்படுவன பக்கத்துக்கு அப்பாலுள்ள நினைவகத்தை அழிக்கும். சாதாரண பயனரும் தமக்கெனத் தனிப் பெயர்வெளி அமைக்க இடமளித்த முறைமைகளில், இவ்வழியே முழு அதிகாரத்தையும் கைப்பற்ற இயன்றது.

திருத்தம் மிகச் சிறிது. நிரம்பிய அளவு, நீளம், இரண்டு ஆகியவற்றின் கூட்டுத்தொகை 4096இலும் பெரிதாயின் மறுக்க என்றாயிற்று. தாளில் இரு கூற்றுகளும் ஒன்றே. பொறியில் அவை வேறு. கணிதத்தின் எண்கள் முடிவிலவாகவும் பொறியின் எண்கள் வட்டமாகவும் இருப்பதே காரணம். கூட்டலும் வட்டத்தைச் சுற்றி மீளக்கூடியதே. ஒருமுறை தரப்படும் விருப்பின் நீளம் முன்னரே வரையறுக்கப்பட்டமையாலேயே ஈண்டு அது பாதுகாப்பாயிற்று.

இத்தகைய குறைகளை மொழிபெயர்ப்பியின் துணையுடன் பரவலாகத் தடுக்கவேண்டுமென 2024இல் கீஸ் குக் முன்மொழிந்தார். மறைக்குறியற்ற எண்கள் சுற்றிவருதல் வரையறுக்கப்பட்ட இயல்பென்றும், அது வேண்டியே பயன்படுத்தப்படுவதென்றும் லினஸ் டோவால்ட்ஸ் எதிர்த்தார். அவர் கூற்றில் உண்மையில்லை என்பதற்கில்லை. எனினும் நாம் கண்ட வரியிலும் பொறி விதிப்படியே நடந்தது. பிழைத்தது எழுதியவரின் கருத்தே. சுற்றுதல் வேண்டியதா, வேண்டாததா என்பதை அவ்வரி யாண்டும் சொல்லவில்லை. எழுதுவோரின் விழிப்பை மட்டும் நம்பியிருத்தல் போதாதென்பதற்கு அது காவலின்றிக் கழித்த ஆண்டுகளே சான்று. வேண்டும் இடத்தில் 'சுற்றுக' என வெளிப்படக் கூறுவதும், கூறாத இடத்திற் பொறி நின்றுவிடுவதுமே முறை. கருத்தை மறைக்கும் சுருக்கம் கவிதைக்கு அணியாகலாம், காவலுக்கு ஆகாது.