பின் பம்பர் நேராக நிற்பது

மோரிஸ் மைனர் காடியைப் பார்க்கிறவர்கள் முன்பக்கத்து உருண்டை விளக்குகளில் மயங்குவார்கள். நான் பின்னால் போய் நிற்பேன். பூட் மூடியின் கீழ் விளிம்பு, அதற்கடியில் காடியின் நிறத்திலேயே வளைந்த தகடு, அதை ஒட்டிக் குரோம் பம்பர். மூன்று கோடும் ஒரே சீராக ஓடினால், அந்தக் காடியைத் தொட்ட கை எப்படிப்பட்டது என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம்.

பம்பருக்கும் மைனருக்கும் பழைய கதை ஒன்று உண்டு. 1948-இல் லண்டன் எர்ல்ஸ் கோர்ட் கண்காட்சிக்கு வருமுன், அதை வடிவமைத்த அலெக் இசிகோனிசுக்கு வண்டி ஒடுங்கலாகத் தோன்றியது. மாதிரி வண்டியை நீளவாக்கில் அறுத்து, இரு பாதியையும் விலக்கி விலக்கிப் பார்த்தார். 4 அங்குலத்தில் கண் நிறைந்தது. பம்பர்களோ முன்பே செய்தாகிவிட்டன. அவற்றையும் நடுவில் வெட்டி, இடையில் தகடு வைத்துச் சேர்த்தார்கள். முதல் மைனர்களில் அந்த ஒட்டு வெளிப்படையாகவே தெரியும். கண் சொன்னபடி இரும்பு கேட்டது. பம்பர் மாட்டும் வேலை இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறது.

மலேசியாவில் கிள்ளான் துறைமுகத்துக்குத் தெற்கே, லங்காட் ஆற்றைத் தாண்டிக் கேரித் தீவுக்கு வருகிறவர்கள் சுங்கை பும்புனில் மா மெரி பழங்குடி மக்களின் மரச்சிற்பங்களைப் பார்க்கப் போவார்கள். பார்க்க வேண்டியவைதான். அதே தீவில், செம்பனைத் தோட்டத்துப் பட்டறையில் டிராக்டரும் லாரியும் பார்த்து ஓய்வுபெற்ற தமிழ்ப் பெரியவர் ஒருவர், வீட்டோரக் கொட்டகையில் மைனருக்குப் பம்பர் மாட்டுவதை அந்தச் சிற்ப வேலைக்குக் குறைவாக நான் வைக்கமாட்டேன்.

ஜாக்கியில் தூக்கிய காடியில் அவர் கைவைப்பதில்லை. நான்கு டயரும் தரையில் நின்று, வில்பட்டைகள் வண்டியின் கனத்தில் அமர்ந்த பிறகே வேலை. எல்லா நட்டையும் விரலால் மட்டும் ஏற்றிப் பம்பரைத் தளர்வாகத் தொங்கவிடுவார். மைனரின் பின் மட்கார்டுகள் போல்ட்டில் பூட்டியவை. இத்தனை வருஷத்தில் எத்தனை முறை கழற்றி மாட்டினார்களோ, இடதும் வலதும் ஒன்றாக இருக்காது. டேப் இரு பக்கமும் ஒரே அளவைக் காட்டும், கண்ணுக்கோ சாய்வாகத் தெரியும். அப்போது டேப்பைப் பையில் போட்டுவிட்டுப் பத்தடி பின்னால் நடந்து, குந்தி உட்கார்ந்து பார்ப்பார்.

நட்டை முறுக்கும்போது பம்பரும் மயிரிழை இழுபடும். அதனால் வலப்பக்கம் அரைச் சுற்று, இடப்பக்கம் அரைச் சுற்று. கூட நிற்கும் பையன் அவசரப்பட்டால், "விடு தம்பி, முறுக்காதே. அது தானா வந்து உக்காரணும்" என்பார். இடைவெளி சேராத இடத்தைப் போல்ட்டால் இழுத்துப் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. அப்படி விறைத்து நிற்கிற பம்பர், குலுக்கலில் தகட்டின் பெயிண்டை அரைத்துவிடும். பெரியவர் கழற்றுவார், தாங்கும் இரும்புக் கையை வைஸில் பிடித்துச் சற்றே திருத்துவார், அல்லது மெல்லிய வாஷர் ஒன்றை நுழைப்பார். புதிதாகச் செய்து விற்கும் பம்பர்களின் வளைவு பல சமயம் பழைய உடலோடு ஒத்துப்போவதில்லை. நசுங்கியதையே தட்டி நிமிர்த்தி முலாம் போடுவதுதான் அவர் கட்சி, என் கட்சியும்.

உட்புறத்தில் முலாம் சரியாக ஏறாது, கடற்காற்று முதலில் பிடிப்பது அங்கேதான். அதற்குப் பெயிண்டும் மெழுகும் மாட்டுமுன்பே பூசியாகிவிடும். காடியைக் கொடுக்கும்போது ஒரு வாரம் ஓட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவரச் சொல்வார். தோட்டத்துச் செம்மண் சாலையில் குலுங்கி வாஷர்கள் அமர்ந்திருக்கும். எல்லா நட்டும் இன்னொரு கால் சுற்று வாங்கும்.